உப்பு நீருக்கும் ஓர் இடம் வேண்டும்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். எங்கள் ஊரிலோ உப்பே குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், இருந்த ஒரே நல்ல கிணற்றையும் கெடுத்துக்கொண்டோம். விடுதியில் தங்கிப் படிக்கும் நான் விடுமுறைதோறும் ஊரில் கண்டதையும், நம் பள்ளி இரசாயனக் கூடத்தில் சோதித்து அறிந்ததையும், பின்னர் தேடிப் படித்ததையும் கொண்டு எனக்குத் தோன்றிய ஒரு கருத்தை ஆண்டு மலரின் வாசகர்கள் முன் வைக்க விழைகிறேன். பெரியவர்கள் பிழை பொறுப்பார்களாக.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். பனையும் சீமைக் கருவேலும் தவிர வேறு பச்சையை அங்கே அதிகம் காண இயலாது. வீடுகள் ஏறக்குறைய 250. தோண்டிய இடமெல்லாம் நீர் உண்டு. ஆனால் வாயில் வைக்க முடியாது. மழைக்காலத்தில் ஊருணி நிரம்பினால் நான்கைந்து மாதங்களுக்குக் கவலையில்லை. அது வற்றிய பின் கோயில் கிணறு ஒன்றுதான் கதி. அந்தக் கிணற்று நீர் தேனாக இனித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் பருப்பு வெந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் தண்ணீரின் தரத்தைச் சொல்ல வேறு அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை. பருப்பு வேகிற தண்ணீர், வேகாத தண்ணீர், அவ்வளவுதான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு ஆர்.ஓ. பிளாண்ட் வந்தது. மைக் செட் வைத்து, ரிப்பன் வெட்டி, குழந்தைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டால் 20 லிட்டர் கேன் நிறையும். என் தாயார் முதல் கேனைத் தூக்கிவந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வாசல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்கு முன் கோடைதோறும் தண்ணீர் லாரிக்காக அவர் காத்து நின்ற மணிகளைக் கூட்டினால் ஒரு பட்டப் படிப்பையே முடித்திருக்கலாம். ஆகவே நான் அந்தப் பொறிக்கு விரோதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாதான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டார். “ஏத்தா, முன்னாடி ஒரு குழாயில நல்ல தண்ணி வருது. பின்னாடி இன்னொரு குழா ராவும் பகலும் ஒழுகிக்கிட்டே கெடக்கே, அந்த மிச்சத் தண்ணி எங்கத்தா போகுது?”

அது பிளாண்ட்டின் பின்புறமுள்ள பனங்காட்டுப் பள்ளத்துக்குப் போயிற்று. பள்ளத்துக்கும் கோயில் கிணற்றுக்கும் நாற்பது தப்படி தூரம்கூட இராது. மணல் பூமி, ஊற்றியதெல்லாம் உள்ளே இறங்கும். மூன்றாம் ஆண்டில் கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. பள்ளத்தை ஒட்டி நின்ற இரண்டு தென்னைகளின் ஓலை நுனிகள் நெருப்புப் பட்டாற்போல் கருகின. மழை குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் ஒரு குழாயின் மேல் சுமத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஊரின் மறுகோடியில் உள்ள பழைய கிணற்றில் இப்படி நேரவில்லை. அது முன்பு எவ்வளவு உவர்ப்போ அவ்வளவே இன்றும் இருக்கிறது.

ஊரார் போய் முறையிட்டபோது, “குடிப்பதற்குத்தான் நல்ல தண்ணீர் தருகிறோமே, இனிக் கிணறு எதற்கு?” என்று பதில் கிடைத்தது. பிறகு ஒரு சித்திரை மாதத்தில் சவ்வு அடைத்துக்கொண்டு பொறி பதினேழு நாட்கள் நின்றது. கிணறு எதற்கு என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று.

இந்தப் பொறி வேலை செய்யும் விதம் நம் பாடப் புத்தகத்தில் ‘எதிர்ச் சவ்வூடு பரவல்’ என்ற பெயரில் வருகிறது. பெயர்தான் பயமுறுத்தும், காரியம் எளிது. உப்பு நீரை மிகுந்த அழுத்தத்துடன் ஒரு மெல்லிய சவ்வின் மேல் செலுத்தினால் நீர் மட்டும் மறுபக்கம் போகும், உப்பு இப்பக்கமே தங்கும். நடைமுறைக்கு உதவும் சவ்வை 1960-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். நம் நாட்டவர் ஒருவர் பங்குகொண்ட கண்டுபிடிப்பு என்பதில் நமக்குப் பெருமைதான். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் உவர் நிலத்தடி நீரைக் குடிநீராக்க இச்சவ்வு முதன்முதலாகப் பயன்பட்டது. கவனியுங்கள், அதுவும் எங்கள் ஊரைப் போல் உவர் நீரை வைத்துக்கொண்டு திண்டாடிய ஊர்தான்.

சவ்வு உப்பை அழிப்பதில்லை. ஒரு பக்கமாக ஒதுக்குகிறது, அவ்வளவே. நூறு குடம் உவர் நீரிலிருந்து ஐம்பது குடம் நல்ல நீர் எடுத்தால், நூறு குடத்தின் உப்பும் மிச்சமுள்ள ஐம்பது குடத்தில் சேர்ந்து நிற்கும். அப்பத்தாவின் மிச்சத் தண்ணீர் அதுதான்.

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது நான் நான்கு பாட்டில்களில் நீர் கொண்டுவந்தேன். இரசாயன ஆசிரியையான சிஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு சனிக்கிழமை பிற்பகல்களில் கூடத்தைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு நீரிலும் 100 மில்லி லிட்டர் அளந்து, பீங்கான் கிண்ணத்தில் வற்றக் காய்ச்சி, மிஞ்சியதை நிறுத்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் 0.30 கிராம். பொறி தரும் நல்ல நீரில் 0.02 கிராம், கிண்ணத்தில் மூச்சுக் காற்றுப் பட்ட மங்கல் போல இருந்தது. பின்குழாய் நீரில் 0.58 கிராம். கோயில் கிணற்று நீரில் 0.21 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர நிர்ணயம். பருப்பு வெந்த எங்கள் கிணறு அந்தக் கடைசி எல்லையையும் தாண்டிவிட்டது என்பதை அந்தச் சனிக்கிழமைதான் கண்ணால் கண்டேன்.

இனி ஒரு சிறு கணக்கு. 250 வீடுகள், வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கேன் என்றால் 5,000 லிட்டர் நல்ல நீர். அதே அளவு மிச்ச நீரும் வெளியேறுகிறது. லிட்டருக்கு 5.8 கிராம் வீதம் அதில் உள்ள உப்பு 29 கிலோ. இது ஒரு நாளைக்கு. ஆண்டுக்குப் பத்தரை டன்! விரிந்த நிலப்பரப்பின் அடியில் பரவிக் கிடந்த உப்பை மோட்டார் வைத்து மேலே இழுத்து, ஆண்டுதோறும் ஒரு லாரிச் சுமைக்குக் குறையாமல், ஒரே பள்ளத்தில், அதுவும் கிணற்றின் பக்கத்தில் கொட்டி வந்திருக்கிறோம். “இவ்வளவு பெரிய பூமியில் இந்தக் கொஞ்சம் உப்பு நீர் என்ன செய்துவிடும்?” என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

இந்தக் கேள்வி எங்கள் ஊரோடு நிற்பதில்லை. உலகெங்கும் சுமார் 16,000 உப்பு நீக்கும் நிலையங்கள் நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீரைத் தருகின்றன என்றும், அதற்காக 14 கோடி கன மீட்டருக்கும் மிகுதியான உப்புக் கழிவு நீரை வெளியேற்றுகின்றன என்றும் 2019-இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பிள்ளையைவிடத் தொட்டில் பெரிதாயிருக்கிறது. பெரிய நிலையங்கள் கடலை ஒட்டி இருப்பதால் கடலில் விட்டுவிடுகின்றன. கடலும் இல்லாத, பணமும் இல்லாத உள்ளூர்கள் எங்கே விடும்?

என் மாமா உப்பளத்தில் வேலை செய்பவர். “மாமா, இந்தத் தண்ணீரை உங்கள் பாத்தியில் விட்டு உப்பு விளைவிக்கலாமே?” என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “கடல் தண்ணியே இதைப்போல ஆறு மடங்கு உப்பு தாயி. அதைக் காயவெச்சு எடுக்கவே இடுப்பு ஒடியுது.” உண்மைதான். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. எங்கள் மிச்ச நீரில் 6 கிராம்கூட இல்லை. குடிக்க உப்பு அதிகம், உப்பு எடுக்க உப்புக் குறைவு. வீட்டுக்கும் ஆகாது, அளத்துக்கும் ஆகாது.

ஆனால் மாமாவின் சிரிப்பிலிருந்துதான் எனக்கு ஒரு வழி தென்பட்டது. உப்பு நீர் எல்லாம் ஒன்றல்ல. கடல் நீரை நன்னீராக்கும் நிலையத்தின் கழிவு ஏறக்குறைய இரு மடங்கு கடல். அது உப்பளத்துக்கு ஏற்றது, பாதி வெயிலின் வேலையை முன்பே முடித்துக் கொடுத்துவிடுகிறது. எங்கள் ஊர்க் கழிவோ இளம் உப்பு நீர். இளம் உப்பு நீரில் வாழப் பிறந்த உயிர்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைத் தேடிப் போனால் உலகின் மறுபக்கத்தில் உள்ள பிரேசில் நாட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பிரேசில் என்றால் நமக்கு அமேசான் காடும் கால்பந்தும் நினைவுக்கு வரும். அந்நாட்டின் வடகிழக்கு உட்பகுதி முற்றிலும் வேறு உலகம். முட்புதர்க் காடு, கடும்பாறை, ஆடு மேய்க்கும் ஏழை மக்கள், பொய்க்கும் மழை. புனித சூசையப்பர் திருநாளான மார்ச் 19-க்குள் மழை பெய்துவிட்டால் அவ்வாண்டு விளைச்சல் உண்டு என்பது அங்குள்ள உழவர்களின் நம்பிக்கை. 1877 முதல் 1879 வரை நீடித்த வறட்சியில் அங்கே இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதே காலத்தில்தான் நம் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டிற்று. பசிபிக் கடல் வெப்பமடைந்த ஒரே நிகழ்ச்சி இரு நாடுகளின் மழையையும் கெடுத்தது என்று வானிலை அறிஞர்கள் இன்று கூறுகிறார்கள். அவர்களை அந்நியர் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அங்கும் பாறைக்கடியில் கிடைக்கும் நீர் பெரும்பாலும் உவர் நீர். 1990-களில் ஊர் ஊராக உப்பு நீக்கும் பொறிகளை நிறுவினார்கள். நடந்தது நம் கதையேதான். மிச்ச நீரைத் தரையில் விட்டார்கள், மண் கெட்டது. பழுதுபார்க்க ஆளின்றிப் பல பொறிகள் துருப்பிடித்தன. அதன் பின்னர் பெட்ரோலினா நகரில் உள்ள அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு வழி கண்டார்கள். மிச்ச நீரை முதலில் ஒரு குளத்தில் விட்டுத் திலாப்பியா மீன் வளர்த்தார்கள். நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என்று சொல்கிறோமே, அந்த இனம். உப்பு அதற்குப் பொருட்டில்லை. மீனின் கழிவு கலந்து அந்நீர் சற்று உரமேறுகிறது. அடுத்து அந்நீரை அட்ரிப்ளெக்ஸ் என்னும் செடிக்குப் பாய்ச்சினார்கள். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி உப்பு நீரைக் குடித்து, உப்பின் ஒரு பகுதியை இலையில் ஏற்றிக்கொண்டு வளரும். வெட்டி உலர்த்தி மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுத்தால் வெள்ளாடும் செம்மறியும் தின்கின்றன. பொறியிலிருந்து குடிநீர், குளத்திலிருந்து மீன், வயலிலிருந்து ஆட்டுத் தீவனம். நம் வீடுகளில் அரிசி களைந்த நீரை மாட்டுக்கு வைத்து, மாட்டுச் சாணத்தை வறட்டி தட்டுவதில்லையா? அந்தச் சிக்கனந்தான் இது.

2004-இல் பிரேசில் அரசு ‘நன்னீர்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி இம்முறையையும் அதில் சேர்த்துக்கொண்டது. எல்லா ஊருக்கும் மீன்குளம் அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிணற்றில் போதிய ஊற்றும், பக்கத்தில் ஏற்ற நிலமும் உள்ள சில ஊர்களில்தான் முழு ஏற்பாடும் உண்டு. மற்ற ஊர்களில் அடியில் விரிப்புப் போட்ட ஆவியாக்கும் தொட்டி கட்டி மிச்ச நீரை வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செடியும் எல்லா உப்பையும் உறிஞ்சுவதில்லை. மண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு மீனையும் செடியையும்விடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அத்திட்டத்தில் பொறியை நிறுவுமுன் ஊரைக் கூட்டி ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பொறியை யார் இயக்குவது, வீட்டுக்கு எவ்வளவு நீர், பழுது வந்தால் யார் பொறுப்பு, மிச்ச நீர் எங்கே போகும் என்பதெல்லாம் ஊராரே பேசி முடிவு செய்ய வேண்டியவை. எங்கள் ஊரில் ரிப்பன் வெட்டிய அன்று இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர்கூட மேடையில் இல்லை. கேட்டது என் அப்பத்தா, அதுவும் திண்ணையில்.

ஆகவே என் கருத்து இது: ஒரு சிற்றூருக்கு உப்பு நீக்கும் பொறி கொடுக்கிறவர்கள், அரசினராயினும் தர்ம ஸ்தாபனமாயினும், மிச்ச நீருக்கு ஓர் இடத்தையும் ஒரு பொறுப்பாளரையும் காட்டாமல் பொறியை நிறுவக் கூடாது. அதற்கான பணம் பொறியின் விலையிலேயே அடங்க வேண்டும். கக்கூஸ் இல்லாமல் வீடு கட்டிக் கொடுத்தால் நாம் ஏற்பதில்லை. இதை மட்டும் ஏன் ஏற்கிறோம்?

எந்த முறை நல்லது என்பது ஊருக்கு ஊர் மாறும். இலட்சத்தீவுகளில் உள்ள கவரத்தியில் 2005 முதல் வேறு வகைப் பொறி இயங்கிவருகிறது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல் நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து கொணரும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கிறார்கள். உள்ளே போகும் நீரில் சிறு பகுதியே ஆவியாவதால், திரும்பக் கடலுக்குப் போவது கடலைவிட அதிக உப்பாக இருப்பதில்லை. பவளப் பாறை சூழ்ந்த தீவுக்கு அது பொருத்தம். இடமில்லாத ஊரில் மிச்சமே குறைவாக வரும் பொறியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழிதான். எங்களுக்கு ஆழ்கடலும் இல்லை, அதற்கான பணமும் இல்லை. ஆனால் நிலம் இருக்கிறது.

எவ்வளவு நிலம் வேண்டும்? நானே கணக்குப் போட்டேன். எங்கள் வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லி மீட்டர் நீர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் போகும். 5,000 லிட்டர் போக 1,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 25 சென்ட். பெருமையோடு சிஸ்டரிடம் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்து, “மழை உன் தொட்டிக்குள் விழாதா?” என்று ஓரத்தில் எழுதினார்! ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழையைக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய 45 சென்ட் தேவைப்படுகிறது. கரைக்கும் சேர்த்து அரை ஏக்கர் என்று கொள்ளலாம். எங்கள் ஊருக்குத் தெற்கே உமரிச் செடி தவிர எதுவும் முளைக்காத களர்ப் புறம்போக்கு அதைவிட அதிகமாகவே கிடக்கிறது.

அந்த அரை ஏக்கரில் ஒரு பகுதியை மீன்குளமாக்கலாம். திலாப்பியாவுக்கு நம் நாட்டில் அனுமதி பெற வேண்டும்; அந்தச் சிரமம் எதற்கு? நம் கடற்கரையின் பால்கெண்டை உவர் நீரிலும் நன்றாக வளரும். குளத்தை விட்டு வரும் நீரை உமரிக்குப் பாய்ச்சலாம். பஞ்ச காலத்தில் எங்கள் பக்கத்து ஏழைகள் உமரிக் கீரையை அலசிச் சமைத்தது அப்பத்தாவுக்குத் தெரியும். இன்றைய பெண்களுக்குத்தான் மறந்துவிட்டது. கடைசி மிச்சம் விரிப்புப் போட்ட தொட்டியில் காயட்டும். ஆனால் முதற் காரியமாக அந்த நீரை அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் உண்டு. சவ்வு அவற்றையும் உப்போடு சேர்த்து மிச்சத்தில்தான் ஒதுக்கும். பீங்கான் கிண்ணமும் தராசும் அதையெல்லாம் சொல்லமாட்டா. காய்ந்த உப்பையும் சமையலுக்கு எடுக்கலாகாது.

மிச்ச நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் உபயோகிக்கலாமே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல நீர் மிச்சமாகும் என்பது சரி. ஆனால் கழிப்பறைக் குழி வழியே அந்த 29 கிலோவும் மீண்டும் அதே மண்ணுக்குத்தான் போகும். உப்பின் விலாசம் மாறுமே தவிர உப்பு போகாது.

இதற்கெல்லாம் முன்னால் ஊருணியைத் தூர் வாருங்கள் என்று பெரியவர்கள் கூறுவது முழுக்க நியாயம். நானும் அதைத்தான் முதலில் வைப்பேன். ஊருணி நிரம்பி நிற்கும் மாதங்களில் பொறியை நிறுத்திவைத்தால் உப்பும் அந்த அளவுக்குக் குறையும். நல்ல நீர் இலகுவாகக் கிடைக்கிறது என்றவுடன் நாங்கள் ஊருணியை மறந்தோம். கரையில் கருவேலம் முளைத்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. இதில் பொறியின் குற்றம் ஏதுமில்லை. எங்கள் குற்றந்தான்.

“அரை ஏக்கரும் விரிப்பும் வாங்கும் பணத்தில் இன்னொரு ஊருக்குப் பொறி வாங்கலாமே” என்று ஓர் உறவினர் வாதாடினார். தாகத்தோடு இருக்கும் அடுத்த ஊரை நினைத்தால் அந்த வாதம் மனத்தைத் தைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பத்து ஊருக்குப் பொறி கொடுத்துப் பத்துக் கிணறுகளைக் கெடுப்பதைவிட ஏழு ஊருக்கு முழுமையாகச் செய்வது மேல் என்றே நான் கருதுகிறேன். பொறிக்குப் பத்து ஆண்டு ஆயுள் இருந்தால் அதிகம். கோயில் கிணற்றை வெட்டியவர் என் அப்பத்தாவின் தாத்தா காலத்தவர்.

சென்ற ஆகஸ்டு 15 அன்று நடந்த கிராம சபைக் கூட்டத்தில் அப்பத்தா எழுந்து நின்று, தம் திண்ணைக் கேள்வியை அப்படியே கேட்டாராம். நான் அப்போது விடுதியில் இருந்தேன். அம்மா தொலைபேசியில் சொன்னார். அரை ஏக்கர் புறம்போக்கை ஒதுக்கக் கோரித் தீர்மானம் எழுதப்பட்டிருக்கிறது. அது எந்த மேசையில் இருக்கிறதோ! அது வரும்வரை காத்திராமல், மகளிர் சுய உதவிக் குழுவினர் தங்கள் சேமிப்பிலிருந்து ஹோஸ் குழாய் வாங்கி, அக்டோபர் மாதம் முதல் மிச்ச நீரைப் பனங்காட்டுப் பள்ளத்தில் விடாமல் தெற்கே களர் நிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இது பாதி வேலைதான் என்று அவர்களுக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து நான் கொண்டுவந்த கிணற்று நீரில் 0.21 கிராமே இருந்தது. ஈஸ்டருக்குப் பின் கொண்டுவந்ததில் 0.20. “ஒரு புள்ளி வித்தியாசம் தராசின் பிழையாகவும் இருக்கலாம், துள்ளாதே” என்கிறார் சிஸ்டர். அடுத்த பாட்டில் ஜூன் மாதத்தில் வரும்.